பதினொன்றும் இருபத்திரண்டும்

ஜூலை 9, புதன்
காலையிலிருந்து காற்று, சாரல். மாடித் தொட்டியின் மூடி பறந்து பக்கத்து வீட்டில். யாழினிக்கு வலி குறைவு. இரண்டு இட்லி. கொக்கோ ஆட எப்போது விடுவீர்கள் என்று அதட்டல் வேறு. பதின்மூன்று வயதுக்கு வாய் அதிகம், அப்பன் என்னைப் போல.

ரிப்போர்ட் வாங்கி வந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் புற்றுநோய்தான். குரோமோசோமில் கோளாறு என்றும் இருக்கிறது. மற்றது டாக்டர் சொல்வாராம், வெள்ளிக்கிழமை.

வியாழன்
கவிதாவின் சித்தி ஆப்பிளோடு வந்தார். ஆப்பிளோடு நிறுத்தியிருக்கலாம். "சொந்தத்துல கட்டுனா கொழந்தைகளுக்கு இப்பிடித்தானுங்க ஏதாச்சும் வந்துபோடுது."

கவிதா என் சொந்த அத்தை மகள்.

சித்தி போனதும் சமையலறையில் கவிதா: "நீங்க வெளியில பொண்ணெடுத்திருந்தா இதெல்லாம் வந்திருக்காதுங்க மாமா."

பைத்தியமா உனக்கு என்றேன். எனக்குள்ளும் அதேதான் ஓடுகிறது. டாக்டரிடம் கேட்கப் பயம். ஆமாம் என்றுவிட்டால் இவள் தாங்கமாட்டாள். நானும்தான்.

வெள்ளி
வாங்க வேண்டியவை: தெர்மாமீட்டர், மெத்தென்ற பல் பிரஷ், தொப்பி (நீலம்தான் வேண்டுமாம்).

டாக்டர் சின்ன வயசுப் பெண். முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. யாழினி கேட்டுவிட்டாள்.

"அம்மா அப்பாவுக்கு அத்தை மகதானுங்க. அதனாலதான் வந்துச்சுங்களா டாக்டர்?"

நேற்று தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

"இல்ல கண்ணு. இது பொறக்கறப்பவே வந்ததில்ல. கட்டியில இருக்கற செல்லுல மட்டும் பதினொண்ணாவது குரோமோசோம்ல ஒரு துண்டும் இருபத்திரெண்டாவதுல ஒரு துண்டும் ஒடஞ்சு எடம் மாறியிருக்கு. தானா நடந்தது. அவங்க சொந்தத்துல கட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கவிதா அங்கேயே அழுதாள். எனக்கும் கண்ணாடியைத் துடைக்கும் வேலை வந்தது.

திரும்பும்போது உக்கடத்தில் டிராஃபிக். ஆட்டோவில் நடுவில் யாழினி. திடீரென்று, "ஏனுங்கப்பா, நீங்க வேற யாரையாச்சும் கட்டியிருந்தா எனக்கு இந்த வலி வந்திருக்காது. ஆனா நானே இருந்திருக்க மாட்டேன்ல?"

அவளே தொடர்ந்தாள்.

"நேத்து அம்மா சொன்னப்ப அதுக்குத்தான் அழுகை வந்துச்சு."

கவிதா அவளை அப்படியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். காலைப் பார்த்து, காலைப் பார்த்து என்று நான் கத்தினேன். திங்கள் காலை அட்மிஷன்.