சேஞ்ச் என்றால் என்னவென்று சொன்னவருக்கு

இன்று காலை சாலைக் கடையில் புளி வாங்கப் போனேன். கடைக்காரர் என் ஐந்து ரூபாய் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேஞ்ச் உண்டோ அம்மா?" என்றார். புளியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் பாவம், என்ன நினைத்தாரோ. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகியும் அந்த ஒற்றை வார்த்தையை என்னால் நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை உங்களுக்கு. சாயங்காலம் இங்கிலீஷும் கூடவே வீட்டுக்கு வரும். சட்டை மாற்றினால் சேஞ்ச், கொல்லத்தில் ரயில் மாறினாலும் சேஞ்ச். எனக்குத் தெரிந்ததோ சில்லறை ஒன்றுதான். நான் தப்பாகச் சொன்னால் உங்களுக்குப் பொறுக்காது, சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திருத்துவீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

இருமலும் காய்ச்சலும் விடாமல் பிடித்தபோது டாக்டர் ஒரு சேஞ்ச் வேண்டும் என்றார். சில்லறையை வைத்து என்ன வைத்தியம் என்று நான் கேட்க, இருமலுக்கு நடுவே சிரித்தீர்கள். "ஏட்டி, வேற ஊருல போயி கொஞ்ச நாள் இருக்கணும்னு சொல்லுதாரு." மலைக்காற்று நல்லதென்று கல்லாற்றில் உங்கள் சிநேகிதர் வீட்டுக்குப் போனீர்கள். நான் கைக்குழந்தையோடு இங்கே.

அந்தப் பக்கமிருந்து வரும் பஸ் டிரைவரைக் கிழக்கேகோட்டையில் பிடித்து விசாரிப்பேன். "நோ சேஞ்ச்னு பறயச் சொன்னாரு, அக்கா" என்றார் ஒரு நாள். மலையில் சில்லறை கிடைக்காமல் திண்டாடுகிறீர்கள் என்று சக்கரக் காசுகளைத் துணியில் முடிந்து கொடுத்தனுப்பினேன். மறுநாள் முடிச்சு அவிழாமலே திரும்பி வந்தது, கூடவே திருத்தமும். "அண்ணாச்சி ஒரே சிரிப்பு. சில்லறை இல்லியாம், சீக்கு மாறாம அப்படியே இருக்குன்னு அர்த்தமாம்." பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்க எனக்குப் பாடம். மோசமாகவில்லையே என்று ஆறுதலாக இருந்தது. அப்படியே இருக்கக்கூடாதே என்று உடனே பயமும் வந்தது.

மழை பிடித்ததும் உங்களை இறக்கிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் தினம் நோ சேஞ்ச்தான். ஒரு நாள் காலை டாக்டர் நாடி பார்த்துவிட்டு நர்ஸிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு அதில் சேஞ்ச் மட்டும் பிடிபட்டது. முன்னால் நோ இல்லை. காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன், இல்லவே இல்லை. "சேஞ்ச் வந்துட்டு, பாத்தியளா" என்று உங்களிடம் சொன்னேன். டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீங்கள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தீர்கள். அவர் சொன்னது முழுக்க உங்களுக்குப் புரிந்திருக்கும். என் ஒரு எழுத்துத் தப்பைக்கூட விட்டுவைக்காத மனுஷன், "ஆமாட்டி, வந்துட்டு" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

ஏன் திருத்தவில்லை? இதைத்தான் கேட்டுக் கேட்டு நடக்கிறேன். என் சந்தோஷத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தீர்களோ? அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு உங்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. அன்று மட்டும் திருத்தியிருந்தால் கடைசி மூச்சுவரை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். நானோ, இனிப் பசிக்கும் உங்களுக்கு என்று, கஞ்சி வைக்க வீட்டுக்கு ஓடினேன்.