நட்சத்திரம் போடும் ஜெமீல்

தோஹா, 12.03.1984

அன்புள்ள சுபைறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நான் சுகம். நீயும் மகளும் சுகந்தானே?

வெள்ளைக்காரர்களுக்கு ஊர் காட்டும் உன் மாமி மகன் ஜெமீல், இடங்களுக்கு நட்சத்திரம் போட்டுப் புத்தகம் எழுதுவதாக நாலு பக்கம் எழுதியிருந்தாய். "மூணு தரம் போய்ப் பாக்காம எந்த இடத்துக்கும் நட்சத்திரம் போடமாட்டன்" என்றானாம். சிரித்தேன். நீ எழுதியபடி பார்த்தால், ஒலுவில் கடற்கரைக்கு அவன் போனது ஒரு தரம். நம் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்ததோ மூன்று தரம்.

முறை இருந்தாலும் இனி அவனை மச்சான் என்று எழுதாதே. நீ வாசலில் நிற்கும் படம் ஒன்று அனுப்பு.

கலியாணத்துக்குப் பிறகு நான் லீவில் வந்தது இரண்டே தரம். அவன் சட்டப்படி, என் வீட்டுக்கு நட்சத்திரம் போட எனக்கே இன்னும் உரிமையில்லை.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் ஒரே மச்சான்,
அபூசாலி