வராத ஐந்து இலக்கங்கள்

அனுப்புநர்:
முதுநிலை வேதியியலாளர்,
நீர் ஆய்வகம், குடிநீர் சுத்திகரிப்பு நிலையம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் துறை, தலைமை அலுவலகம்.

பொருள்: பணிநீக்கம் செய்யப்பட்டு, பின்னர் காலமான ஆய்வக உதவியாளர் மீதான ‘பொய் அளவு எழுதினார்’ என்ற குற்றச்சாட்டை ரத்து செய்யக் கோருதல், கழிவுப் பட்டியலில் உள்ள பழைய கலங்கல் மீட்டரையும் அவருடைய நோட்டுகளையும் நிறுத்திவைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எதையும் எளிதில் நம்பாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு நான் தகுதியானவள் அல்ல என்பதைத் தெரிவிக்கவே இம்மனு.

2. வடிகட்டிய நீரின் கலங்கலை அளக்க எங்களிடம் ஒரு பழைய மீட்டர் இருந்தது. முகப்பில் சிவப்பு எண்கள் தெரியும். பின்புறம் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் ஒன்று உண்டு. அதன் வழியே அரைமணிக்கு ஒருமுறை அளவைக் கணினிக்குக் கொண்டுவர, பைதான் மொழியில் ஒரு சிறிய ஸ்கிரிப்டை நான் எழுதியிருந்தேன். பல ஆண்டுகள் அது குறையின்றி ஓடியது.

3. கடந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம் ஆய்வகக் கணினி மாற்றப்பட்டது. புதியதில் சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி மாற்றி ஒன்றைப் பொருத்தினேன். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிய உடனே, படிக்க இயலாத எழுத்து வருகிறது என்று பிழை காட்டி நின்றது. அன்று பிற்பகல் மேலதிகாரிகளின் பார்வையிடல் இருந்தது. படிக்க முடியாததை விட்டுவிடு, அளவே தேறாவிட்டால் முந்தைய அளவை வைத்துக்கொள் என்று இரண்டு வரிகள் சேர்த்தேன். பிழை மறைந்தது. சரிபார்க்கவும் செய்தேன். மீட்டரில் 0.36, திரையிலும் 0.36. அந்த ஒரே ஒருமுறைதான்.

4. ஆய்வக உதவியாளர் இரண்டாம் ஷிப்டில் இருந்தார். அவரை அனைவரும் ‘நோட்டுக்காரர்’ என்றே அழைப்போம். கணினி இருந்தும், மீட்டர் முகப்பைப் பார்த்து ஒவ்வோர் அளவையும் பென்சிலால் நோட்டில் எழுதுவார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். “கம்ப்யூட்டருக்கே போட்டியா?” என்று பம்ப் ஆபரேட்டர் கேலி செய்வார். “அதுக்கு ஞாபகம் இருக்குப்பா, எனக்குக் கண்ணு இருக்கு” என்பது இவருடைய வழக்கமான பதில்.

5. அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் என் மேசைக்கு வந்து, “மேடம், ஸ்க்ரீன்ல அடிக்கடி பூஜ்யம் காட்டுது. காய்ச்சி வடிச்ச தண்ணிகூட சுத்தமா பூஜ்யம் காட்டாதே” என்றார். நான் வேறு ஓர் அறிக்கையில் மூழ்கியிருந்தேன். தலை நிமிராமல், “முதல்ல கண்ணாடியை மாத்துங்கண்ணே” என்று சொன்னேன். அறையில் இருந்த இருவர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுவாரம் புதுக் கண்ணாடியோடு வந்தார்.

6. நீரைத் தெளியவைக்கும் படிகாரத்தை அவர் தம் நோட்டில் கண்ட அளவுப்படியே போட்டார். மற்ற ஷிப்டுகள் திரையை நம்பிக் குறைவாகப் போட்டன. அடுத்த மே மாதம், இரண்டாம் ஷிப்டில் மட்டும் படிகாரம் அதிகமாகச் செலவாவதாக விசாரணை நடந்தது. படிகாரத்தை வெளியே கடத்துவதற்காகவே நோட்டில் கலங்கலைக் கூட்டி எழுதினார் என்பது குற்றச்சாட்டு. நோட்டும் கணினியும் பொருந்தவில்லை என்பதே சான்று. கலங்கல் நீர் வருவதாகப் பொதுமக்கள் தந்த புகார்களில் ஒன்றுகூட அவருடைய ஷிப்டு நேரத்தைச் சேர்ந்ததல்ல. அதை அன்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

7. விசாரணையில் சாட்சியாக அழைக்கப்பட்டேன். கணினிப் பதிவில் தவறு நேர வாய்ப்புண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்கள். அவருடைய பதில் விசாரணைக் கோப்பில் உள்ளபடி: “மேடம் எழுதின புரோகிராம் தப்பா இருக்காதுங்க. நான் கண்ணுல பட்டதைத்தான் எழுதினேன். ரெண்டும் எப்படி சரியா இருக்கும்னு எனக்குத் தெரியல.” என்னைக் கைகாட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் காட்டவில்லை.

8. ஜூலையில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். டிசம்பரில் காலமானார். விசாரணை முடிந்த மாதமே புதிய மீட்டர் வாங்கப்பட்டு, பழையது அலமாரிக்குப் போயிருந்தது.

9. கடந்த திங்கட்கிழமை கழிவுப் பொருள் பட்டியல் என் கையொப்பத்துக்கு வந்தது. ‘இயங்குகிறதா’ என்ற கட்டத்தை நிரப்புவதற்காக மீட்டரைப் பழைய கம்பியில் இணைத்து ஓட்டினேன். முகப்பில் 1.53, திரையில் 0.53. முகப்பில் 0.48, திரையில் பூஜ்யம். முகப்பில் 1.24, திரை அசையாமல் நின்றது. கணினியில் இருந்த பதினோரு மாதப் பதிவைத் திறந்தேன். பதினாறாயிரத்துச் சொச்சம் அளவுகள். அவற்றில் 1, 2, 4, 7, 8 ஆகிய ஐந்து இலக்கங்கள் ஓர் இடத்தில்கூட இல்லை. எந்த நீரும் இப்படி இலக்கம் பார்த்துக் கலங்குவதில்லை.

10. காரணம் எளிது. அம்மீட்டர் ஒவ்வோர் எழுத்தையும் ஏழு பிட்டுகளில், அதாவது பூஜ்யம் அல்லது ஒன்று என்ற ஏழு குறிகளில், அனுப்பி, எட்டாவதாக ஒரு சரிபார்ப்புப் பிட்டைச் சேர்க்கும். இதைக் குறித்து வைத்திருந்த அமைப்புக் கோப்பை நான் புதிய கணினிக்கு எடுத்து வரவில்லை. அது இல்லாததால் ஸ்கிரிப்ட் எட்டையும் எழுத்தாகவே எடுத்துக்கொண்டது. 0, 3, 5, 6, 9 ஆகியவற்றில் அந்த எட்டாவது பிட் பூஜ்யமாக இருப்பதால் அவை பிழைத்தன. மற்ற ஐந்தும் படிக்க இயலாதவையாக மாறின. அவற்றைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்தது நான் சேர்த்த வரி. சோதித்த அன்று மீட்டர் காட்டிய 0.36, பிழைத்த இலக்கங்களால் மட்டுமே ஆனது. பிழை கூச்சலிட்டது; அதன் வாயை நான் பொத்தினேன்.

11. அமைப்பைத் திருத்த நான்கு நிமிடம் பிடித்தது. பிறகு எடுத்த இருநூறு அளவுகளில் முகப்பும் திரையும் ஓர் இடத்திலும் மாறுபடவில்லை. அடுத்து அவருடைய நோட்டுகளை எடுத்து, அவர் எழுதிய அளவுகளிலிருந்து அந்த ஐந்து இலக்கங்களையும் நீக்கிப் பார்த்தேன். அவருடைய ஷிப்டு நேரக் கணினிப் பதிவு அப்படியே கிடைத்தது. ஆறு நோட்டுகளில் ஓர் அளவுகூட அவர் பொய்யாக எழுதியதில்லை.

12. இதைத் தங்களுக்கு எழுதும் முன் அவர் மனைவியிடம் நேரில் சொன்னேன். தவறு யாருடையது என்பதையும் மறைக்கவில்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “கண்ணாடி மாத்துன அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா வந்தாரும்மா. இனிமே மேடத்துக்கு சந்தேகம் வராதுன்னாரு” என்றார். நான் எழுந்து வரும்போது வாசல் வரை வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: “அவர் எழுதினது சரின்னு ஆபீஸ்ல இருந்து ஒரு வரி வாங்கிக் குடுங்க. அது போதும்.”

13. ஆகவே தங்களை வேண்டுவது: வரும் இருபதாம் தேதி கழிவு வண்டி வருகிறது. மீட்டர், கம்பி, மாற்றி, அமைப்புக் கோப்பு உள்ள பழைய கணினி, ஆறு நோட்டுகள் ஆகியவை அதில் ஏறாதபடி உடனே ஆணையிட வேண்டும். நான் இல்லாத நேரத்தில், எனக்குத் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு மேற்கண்ட சோதனையை மறுபடி நடத்த வேண்டும். என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஒருமுறை நம்பியதன் பலன்தான் இது. சோதனை உறுதியானால் பணிநீக்க ஆணையை ரத்து செய்து, அவர் மனைவி கேட்ட அந்த ஒரு வரியைத் துறையின் முத்திரையோடு அனுப்ப வேண்டும். விசாரணையில் நான் அளித்த சாட்சியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதற்காக என்மீது எடுக்கப்படும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

தங்கள் ஆணை இருபதாம் தேதிக்கு முன் வரும் என்று காத்திருக்கும்,

(ஒப்பம்)
முதுநிலை வேதியியலாளர்

இடம்: நிலைய ஆய்வகம்
நாள்: மார்ச் 12

இணைப்பு:
அ. பதினோரு மாதக் கணினிப் பதிவு, இலக்க வாரியான எண்ணிக்கையுடன்.
ஆ. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கிரிப்டின் நகல்.
இ. மூன்றாம் நோட்டின் ஒரு பக்கம், ஆகஸ்ட் மாதத்தியது. ஓரத்தில் அவர் கையால் பென்சிலில் எழுதிய குறிப்பு: “புதுக் கண்ணாடி போட்டாச்சு. அளவு அதேதான்.”