துடுப்பை மணலில் நடுக

வளம் ஓங்குக, வாவிகள் நிறைக. மூன்று திசையும் கடல் காவல் நிற்கும் நெடுங்கானல் நாட்டை ஆளும் ஆழிமாதேவியாகிய யாம், சங்குமுனைத் துறையின் அதிகாரியும், புயலிலும் தலைப்பாகை கலையாப் பெருமிதம் உடையவருமான பரிதிவாகை மழவரையருக்கு விடுக்கும் ஓலை. உமது துறையும் உப்பளங்களும் உம் இல்லத்தாரும் நலமுற்று வாழ்க.

உமது விண்ணப்பம் கண்டோம். முத்து வணிகரின் மரக்கலம் முனைப்பாறையில் மோதிய அன்று, ஆபத்தில் கடலிறங்கி ஆள்மீட்கும் கைகொடுப்பார் கூட்டத்தார் கரையில் தயங்கி நின்றனர் என்றும், மாலுமிகள் இருவரைக் கடல் கொண்டது என்றும், ஆகவே கூட்டத்தைக் கலைத்துக் கூலிப் படகோட்டிகளை அமர்த்த எம் இசைவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். இசைவு இல்லை. மாண்டவரின் தாயர் எம் வாயிலில் வந்து நின்று முறையிட்டனர். ஆதலின் இவ்வோலையில் சொல்லைச் சுருக்குவதாக இல்லை.

அக்கூட்டத்தார் கூலி பெறாதவர். குயவரும் வலைஞரும் உப்பு விற்பாரும் தத்தம் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவருபவர். அவர்கள் வழக்கம் உமது பாட்டனார் காலத்திலும் இருந்தது. மீட்புப் படகின் சுக்கான் துடுப்பு கரை மணலில் நடப்பட்டிருக்கும். ஆபத்தை அறிவிக்கும் சங்கு முழங்கியதும் முதலில் வந்து அதைப் பிடுங்குபவரே அன்றைய தலைவர். படகு திரும்பும்வரை அவர் சொல்லே சட்டம். திரும்பியபின் துடுப்பு மீண்டும் மணலுக்குப் போகும், தலைமையும் அதனோடு போகும். அன்றைய தலைவர் எல்லாருக்கும் பின்னரே கஞ்சி குடிப்பார். குடித்து முடியும்வரை மற்றவர் அவர் பிழைகளை எடுத்துச்சொல்லி வைவார்கள், அவர் வாய் திறக்கலாகாது.

சென்ற ஆண்டு அவர்கள் ஒரு கலத்தாரை முழுதாக மீட்டபோது, உங்கள் தலைவர் யார் என்று நீர் வினவினீர், அவர்கள் சிரித்தனர். அச்சிரிப்பை நீர் அறியாமை என்று கொண்டு, அன்று துடுப்பேந்திய குயவன் பூழியனுக்கு நிலைத்தலைவன் என்று பட்டம் கட்டினீர். துடுப்புக்குப் பொற்றகடு வேய்ந்து, சுங்கச்சாவடி அறையில் வைத்துப் பூட்டி, அரச முத்திரையும் இட்டீர். நல்லெண்ணத்தால் செய்தீர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

மரக்கலம் மோதிய அன்று முதலில் கரைக்கு வந்தவள் உப்பு விற்கும் செங்காணி. அவள் கை பழக்கத்தால் மணலைத் துழாவியது, துடுப்பு அங்கில்லை. முத்திரையை உடைக்க எவரும் துணியவில்லை. வேறு துடுப்புகள் கிடந்தன; ஆயினும் நீர் ஒருவனைத் தலைவன் என்றபின், நான் முன்செல்கிறேன் என்று யார் சொல்வது? அவர் சொல்லட்டும் என்று இவரும், இவர் சொல்லட்டும் என்று அவரும் மரியாதை பார்த்து நின்றனர். இறுதியில் செங்காணியே படகைத் தள்ளினாள். எஞ்சியோர் பிழைத்தது அவளால். அவ்வேளை பூழியன் எங்கிருந்தான் என்பதை நீர் எழுத மறந்தீர். உமது மாளிகை விருந்தில், கழுத்தில் மாலையோடு, உமக்கு வலப்புறம் அமர்ந்திருந்தான்.

அவன் எம்மிடம் வந்தான். பட்டத்தைத் திரும்பப் பெறுமாறு வேண்டி அழுதான். இப்போது கரையில் எல்லாரும் தன்னைத் தலைவரே என்று விளித்து ஒதுங்குவதாகவும், கஞ்சி வேளையில் ஒருவரும் தன்னை வைவதில்லை என்றும், வைய மனமில்லாதவர்களை நம்பிக் கடலில் எவ்வாறு இறங்குவது என்றும் கேட்டான். எமக்கு அது நன்றாக விளங்கியது. உமக்கும் விளங்கும்.

ஆகவே யாம் இடும் ஆணை இது. வாடைக்காற்று எழுமுன் பொற்றகட்டை உமது கையாலேயே உரித்து, மாண்ட மாலுமிகளின் தாயரிடம் நேரில் கொடுத்து வணங்குக. துடுப்பைப் பழைய இடத்தில் நடுக. அடுத்த சங்கு முழங்கும்போது நீரும் கரைக்கு வந்து, துடுப்பை எடுத்தவர் காட்டும் இடத்தில் அமர்ந்து படகு வலிக்க. அவர் செங்காணியாயின் இன்னும் விரைந்து வலிக்க. அவர்கள் மீண்டும் வருவார்களோ என்று கலங்கற்க, வருவார்கள். அவர்களை அழைத்தது என்றும் சங்குதான், நாம் அல்லோம். என்றேனும் நீரே துடுப்பெடுத்துத் திரும்பி, கஞ்சிக்கு முன் வசவு கேட்கும் பேறு வாய்த்தால், அதை எமக்கு எழுதுக. பட்டத்து யானை ஈன்ற செய்தி போல் மகிழ்வோம்.

இவ்வோலையைப் படகுக் கயிற்றின் புரியொன்றால் கட்டி, எம் கைச்சாத்தோடு அனுப்புகிறோம். முத்திரை இல்லை என்று ஐயுறற்க. உயிர்கள் கடலில் தத்தளிக்கையில் நல்லவர்கள் எம் முத்திரைக்கு அஞ்சிக் கதவின் முன் நின்றார்கள். இன்று முதல் அக்கரையில் அது செல்லாது.