அரை நிமிஷம் போதும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு வந்த புதுப்பாட்டுகள் ஒரு குவியல். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். என் முறை பழைய முறைதான். முதல் அரை நிமிஷம் கேட்பேன். அதற்குள் ஒரு மெட்டு தலைகாட்டவில்லையா, தள்ளு, அடுத்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். வானொலி நிலையத்தில் எனக்குச் சும்மாவா 'கத்திரி அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்?

வர வர அந்த அரை நிமிஷமே அதிகம் என்று தோன்றுகிறது. முன்னிசை என்று ஒன்று கிடையாது. எடுத்த எடுப்பிலேயே கத்தல். மேல் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிப்பது போல ஒரு தாளம். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. குரலா அது? மனுஷக் குரலை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மூச்சு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாரத்தின் முதல் இருபது பாட்டு வரிசைக்குள் ஒன்று வர வேண்டுமென்றால் பல்லவி வேண்டும், சரணம் வேண்டும், நடுவில் ஒரு வயலினாவது ஏங்கி அழ வேண்டும். இப்போது? கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். சரி சரி, இங்கே எதற்குப் புலம்பல். வியாழக்கிழமை புலம்பத்தானே சம்பளம் தருகிறார்கள்.

இந்த வாரத்துக்கு வசமாக ஒன்று மாட்டியது. 'மூணாம் மாடி' என்று ஒரு பாட்டு. பாடியவள் பெயர் 'அரைத்தூக்கம்'. பெற்றவள் வைத்த பெயராக இருக்காது.

ஜூன் 5, வியாழன்

வெளுத்து வாங்கிவிட்டேன்.

முதல் இருபது வரிசை முடிந்ததும் வழக்கமான என் பகுதி, 'இந்த வாரக் குட்டு'. அரைத்தூக்கத்தின் ஆரம்பத்தைக் கொஞ்சம் ஓடவிட்டு, நறுக்கென்று வெட்டிவிட்டுச் சொன்னேன்: "லிஃப்ட் வரல, லிஃப்ட் வரலன்னு ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் இதே வரிதான். சரணம்னு ஒண்ணு உலகத்துல இருக்கறதே இந்தப் பொண்ணுக்குத் தெரியாது போல. லிஃப்ட் வரலன்னா படியில நடந்து போயேம்மா. எங்க காதை விடு!" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொலைபேசி விடாமல் அடித்தது. ஒரு பெரியவர், "நீங்க ஒருத்தராவது உண்மையைச் சொல்றீங்களே" என்றார். வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

இவர் காலையில் முகம் மழித்துக்கொண்டே 'லிஃப்ட் வரல' என்று முணுமுணுக்கிறார். என் வீட்டில்! என் குளியலறையில்!

"உங்களுக்கு வேற பாட்டே கிடைக்கலையா?"

"நல்லாத்தானே இருக்கு."

"உங்களுக்கு மிக்ஸி ஓடினாக்கூட நல்லாத்தான் இருக்கும்."

வழக்கமாகப் பதிலுக்கு ஏதாவது சொல்வார். இன்றைக்கு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நுரையைக் கழுவப் போய்விட்டார். மனுஷருக்கு என்ன ஆச்சு?

மகள் இந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. 'வேலை' என்று ஒரே ஒரு சொல்லில் செய்தி. காப்பீட்டு அலுவலகத்தில் போனில் ஊராரின் புகாரைக் கேட்கிற வேலை, அதற்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

ஜூன் 10, செவ்வாய்

போன் எடுக்க மாட்டேன் என்கிறாள். ஊரார் புகாரை எல்லாம் கேட்பாள், பெற்றவள் கூப்பிட்டால் மட்டும் மணி அடித்து அடித்து ஓய்கிறது.

ஜூன் 12, வியாழன்

எரிச்சல் என்றால் எரிச்சல். 'மூணாம் மாடி' முதல் இருபதுக்குள் நுழைந்துவிட்டது. சும்மா இல்லை, ஒன்பதாவது இடம்! நான் திட்டிய துண்டை யாரோ வெட்டி இணையத்தில் போட, அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் 'அப்படி என்னதான் பாட்டு' என்று தேடிப்போய்க் கேட்டிருக்கிறார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். அதை நானே என் வாயால், "இந்த வாரம் ஒன்பதாவது இடத்தில்" என்று அறிவிக்கவும் வேண்டியிருந்தது.

நிலைய மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். காரியம் ஆக வேண்டுமென்றால் 'அக்கா', கோபம் வந்தால் 'மேடம்'. இன்றைக்கு வார்த்தைக்கு வார்த்தை அக்கா. "அக்கா, அந்தப் பொண்ணை ஸ்டூடியோவுக்கே கூட்டிட்டு வந்துடலாம்க்கா. நேருக்கு நேர். நீங்க குட்டுங்க, அவ பதில் சொல்லட்டும். பிச்சுக்கும்!"

தாராளமா கூப்பிடு என்றேன். என் பகுதியை அரை மணி நேரமாக நீட்டித் தருவதாகவும் சொன்னான்.

ஜூன் 13, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் காபி குடிக்கும்போது இவரிடம் பெருமையாகச் சொன்னேன், அந்தப் பெண்ணை நேரில் வைத்து உரிக்கப் போகிறேன் என்று. இவர் டம்ளரை வைத்தார். "போதும். அது நம்ம பொண்ணு."

"எது?"

"அரைத்தூக்கம். நம்ம பொண்ணுதான். ரெண்டு வருஷமா ராத்திரியில உட்கார்ந்து பண்ணிட்டிருக்கா. பகல் ஆபீஸ்ல தூங்கி வழியறதால அந்தப் பேரு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு முதல்லயே தெரியும். உன்கிட்ட அவளே சொல்லணும்னு இருந்தா. பேரைச் சொல்லாம அனுப்பினா நீ முழுசாக் கேட்டுட்டு நல்லாயிருக்குன்னு சொல்லுவே, அப்புறம் சொல்லலாம்னு... அவதான் உன் நிலையத்துக்கு அனுப்பினா."

ஏன் சொல்லவில்லை என்று இவரிடம் சண்டை போட்டேன். அழுதேன். திரும்பவும் சண்டை போட்டேன். பெற்ற பெண்ணின் குரல் தெரியவில்லையே எனக்கு. காதை வைத்துப் பிழைக்கிறவள் நான்! தும்மினால் எந்த அறையில் யார் தும்மினார்கள் என்று சொல்வேன். இஸ்திரி போட்ட குரல் என்று சிரித்தேனே, அது அவள் குரல்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றும் அவள் வரவில்லை.

இவர் வெளியே போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு 'மூணாம் மாடி'யைக் கேட்டேன். முழுசாக.

அரை நிமிஷம் — மோசம். ஒரு நிமிஷம் — அதே ஆணி அடிக்கிற சத்தம், மோசம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சாம். எனக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்ற மாட்டேன் என்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்துக்கு மேல் திடீரென்று தாளம் நின்றது. மேலே பூசியதை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் குரல். அவள் குரல், சளி பிடித்தால் வருகிற அந்தக் கரகரப்புடன். நாலு எண்ணிக்கையில் போய்க்கொண்டிருந்த நடை மூன்றுக்கு மாறுகிறது. மெட்டு ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்குகிறது. லிஃப்ட் வராமல் அவள் படியில் நடக்க ஆரம்பித்துவிட்டாள்! படியில் நடந்து போயேம்மா என்று நான் ஊர் சிரிக்கச் சொன்னேனே, அவள் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அது சரணம். நல்ல சரணம். யார் செய்திருந்தாலும் நல்ல சரணம்.

அதில் என்னைப் பற்றி ஏதாவது இருக்குமா என்று வெட்கம் கெட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுக்காரன் எவனையோ பற்றி. அவன் யார் என்று இப்போது கேட்கிற நிலையில் நான் இல்லை.

பிறகு மறுபடியும் லிஃப்ட் வரல, லிஃப்ட் வரல. கோபம் தலைக்கேறியது. இதைச் செய்யத் தெரிந்தவள் எதற்காக அந்த ஆரம்பத்தைச் செய்தாள்?

ஜூன் 18, புதன்

நிலையத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, மகள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அவள் தங்கியிருக்கிற அறைக்குப் போனேன். கதவைத் திறந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கட்டிலில் பாதி இடத்தில் ஒலிவாங்கி, சுவரெல்லாம் பழைய போர்வையை ஆணியடித்து மாட்டியிருக்கிறாள், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. உட்கார ஒரே நாற்காலி. நின்றுகொண்டே பேசினோம்.

"தப்பு பண்ணிட்டேன்டி. நீன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா திட்டியிருக்க மாட்டியா?"

சுவரில் மாட்டிய போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"திட்டினதுக்கு எனக்குக் கோபம் இல்லம்மா. நீ திட்டுவேன்னு தெரியும். கடைசி வரைக்கும் இதே வரிதான்னு சொன்னியே. கடைசி வரைக்கும் கேட்டியா?"

"இல்ல."

"யாரோட பாட்டையாவது கேட்டிருக்கியா?"

"நேரம் எங்கடி இருக்கு? குவியல் குவியலா வருது. அந்தக் காலத்துல எல்லாம் நாங்க பாட்டு கேட்டா—"

"தள்ளிவிட பட்டன் இல்ல, அதனால கேட்டீங்க. இப்ப எல்லாரும் உன்னை மாதிரிதான். அரை நிமிஷத்துக்குள்ள பிடிக்கலன்னா தள்ளிட்டுப் போயிடறாங்க. தள்ளினா அந்தப் பாட்டு கேட்டதாகவே கணக்குல வராது, வரிசையில ஏறாது. அதனால ஆரம்பத்துலயே கத்தணும். எனக்கு மட்டும் அந்த ஆரம்பம் பிடிச்சிருக்குன்னா நினைக்கிறே? அது உனக்காக வெச்சது. உன்னை மாதிரி ஆளுங்களுக்காக. எனக்காக வெச்சது பின்னாடி இருக்கு. அங்க வரைக்கும் நீயே வரல."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகப் பாட்டு கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சு என்று மைக்கில் கத்தினேனே! கெடுத்தவர்கள் கூட்டத்தில் முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று என் பெண் சொல்கிறாள். கேட்டுக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய?

"சரணம் நல்லா இருக்கு" என்றேன்.

"இப்ப சொல்லாதே" என்றாள். "யாருன்னு தெரிஞ்ச பிறகு சொல்றது எனக்கு வேண்டாம்."

ஸ்டூடியோவுக்கு வர முடியாது என்று நிலையத்துக்கு எழுதிவிட்டாளாம். கதவு வரை வந்தாள். அவ்வளவுதான்.

ஜூன் 19, வியாழன்

செய்துவிட்டேன்.

'மூணாம் மாடி' நாலாவது இடம். குட்டு நேரம் வந்ததும், "ரெண்டு வாரத்துக்கு முன்னால இந்தப் பாட்டுல கடைசி வரைக்கும் ஒரே வரின்னு சொன்னேன். பொய். நான் அரை நிமிஷம்தான் கேட்டேன். அரை நிமிஷம் கேட்டுட்டுத்தான் இத்தனை நாளா எல்லாப் பாட்டையும் குட்டிட்டிருந்தேன். இப்ப முழுசா கேட்டுட்டேன். ஆரம்பம் இன்னைக்கும் எனக்குப் பிடிக்கல. அதுக்கப்புறம் நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, முழுப் பாட்டையும் ஓடவிட்டேன். வெட்டவில்லை. விளம்பரத்துக்கு வைத்த இடத்தையும் பாட்டு தின்றுவிட்டது. ஒலிப்பதிவாளர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. யாருடைய பெண் என்று மட்டும் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வெளியே வந்ததும் மேலாளர் பிடித்துக்கொண்டான். "மேடம், என்ன மேடம் இது?" இரண்டு தடவை மேடம். "ஜனங்க உங்க திட்டைக் கேக்கத்தான் வர்றாங்க. நீங்களே கேக்காமத்தான் திட்டினேன்னு சொன்னா அப்புறம் எவன் நம்புவான்?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூன் 23, திங்கள்

குட்டு இனி எனக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் கெக்கே பிக்கே என்று சிரிக்கிற காலை நிகழ்ச்சிப் பையனுக்குப் போய்விட்டது. எனக்குப் பாட்டுப் பொறுக்குகிற வேலை மட்டும். இவர், "நிம்மதின்னு நினைச்சுக்கோ" என்றார். எனக்கு ஒன்றும் நிம்மதி வேண்டாம். எத்தனை வருஷம் என் குரலுக்காக வியாழக்கிழமை காத்திருந்தவர்கள்! வயிறு எரிகிறது.

ஜூன் 27, வெள்ளி

இந்த வாரம் வந்தவை எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டேன். தண்டனைதான். மூன்றில் இரண்டு, முழுசாகக் கேட்ட பிறகும் குப்பை. அரை நிமிஷத்தில் குப்பையாகத் தெரிந்தது மூன்று நிமிஷத்தில் பெரிய குப்பையாகத் தெரிகிறது. ஆனால் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, யாரும் போகாத பின்கட்டில் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் பிள்ளைகள். ஒருத்தன் கடைசிப் பத்து நொடியில் அழகாக ஒரு குழல் வைத்திருக்கிறான். யார் கேட்பார்கள் என்று வைத்தானோ, பாவி.

வீம்புக்கு, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து முதல் இருபதையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இவரையும் கூட உட்கார வைத்தேன். ஐயோ! நாலு பாட்டுதான் பாட்டு. மிச்சம் எல்லாம் ஒரே அழுகை, ஒரே தகர டப்பா, ஒன்றில் நாய் குரைக்கிறது. இவர் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் காலத்திலும் குப்பை இருந்திருக்கிறது, யாரோ வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள், நமக்குத்தான் மறந்துவிட்டது. ஆனாலும் அந்த நாலு — இன்றைக்கு இருக்கிற எதுவும் அதன் கிட்டே வராது. இதை மட்டும் யார் வந்து சொன்னாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 30, திங்கள்

மகள் இவரிடம் பேசினாளாம். என்னை விசாரித்தாளா என்று கேட்டேன். "சாப்பிட்டாங்களான்னு கேட்டா" என்றார். பொய்யாகக்கூட இருக்கலாம். இவர் நல்ல மனுஷர்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று ஒரு பாட்டு அனுப்பியிருந்தாள். இன்னும் வெளியிடாதது. கூட ஒரு சொல்லும் இல்லை. அனுப்பிய பெயர் அரைத்தூக்கம் இல்லை, நான் வைத்த பெயர்.

கேட்டேன். மறுபடி கேட்டேன். காலையில் இவர் பேப்பர் படிக்கும்போது இன்னொரு தடவை. இந்தப் பாட்டின் ஆரம்பத்தில் கத்தல் இல்லை. மெதுவாகத்தான் நுழைகிறாள். இது வரிசையில் ஏறாது, நிச்சயமாக ஏறாது, எல்லாரும் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். தெரிந்தேதான் செய்திருக்கிறாள். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு சரியாகிவிடும். நாக்கு வரைக்கும் வந்தது. போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல இழுக்குதுடி. எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு."

போச்சு, மறுபடியும் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"அப்போ ரெண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கே" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மூணு தடவை."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "இழுக்குதுன்னா எந்த இடத்துல? சும்மா பொத்தாம்பொதுவாச் சொல்லாதே, இடத்தைச் சொல்லு" என்று ஆரம்பித்தாள். சொன்னேன். அங்கே அப்படித்தான் இழுக்க வேண்டுமாம். எனக்குத்தான் புரியவில்லையாம். உனக்குத்தான் கத்தரிக்கத் தெரியவில்லை என்றேன். இவர் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார், சாப்பாடு ஆறிப்போனது.

மாற்றவே மாட்டாளாம். அடுத்த ஞாயிறு நேரில் வந்து மிச்சச் சண்டையைப் போடுகிறாளாம்.