சங்கு ஊதினால் டிரம்முக்குச் சோறு

ஆம்பூர்
9-8-1981

அன்பு மகள் தனகோடிக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் டிரம்மும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே ஜபல்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அப்படியே இருக்க சோளிங்கர் சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நாய் டிரம்மை யாருக்காவது கொடுத்துவிட்டு ரயிலேறி வா என்று நீ எழுதியது கிடைத்தது. கோபித்துக்கொள்ளாதே, கொடுக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

அப்பாவை எடுத்த அன்று வாசலில் சங்கு ஊதினார்களே, அதை ஷிப்டுக்கு ஊதுகிற கம்பெனி சங்கு என்று நினைத்து டிரம்மு தோல் கம்பெனி கேட்டுக்கு ஓடிவிட்டதாம், அப்பா வேலை விட்டு வருவார் என்று இருட்டும் வரைக்கும் நின்றதாம், வாட்ச்மேன் மக்பூல் அகமது பாய் நீ போன பிறகுதான் சொன்னார். அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் எனக்கு அப்போது வந்தது. அதிலிருந்து சங்கு கேட்டாலே ஊளை, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட்டம், பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா புர்காவைக் கவ்விக் கிழித்துவிட்டது. அவள், ஒரே பேஜாரா கீது அக்கா, நகரசபை வண்டி வந்தா புடிச்சிக் குடுத்துடுவேன் என்றாள். அவள் மேல் தப்பில்லை, பிள்ளைகள் இருக்கிற வீடு.

தப்பு என்மேல்தான். பாவம் என்று தோன்றினபோதெல்லாம் பொறை வாங்கிப் போட்டேன், ஒரு நாள் உள்ளே படுக்கவைத்தேன், ஒரு நாள் கொல்லையில் கட்டினேன், எது எப்போது என்றே அதற்குத் தெரியாமல் போய்விட்டது. அப்புறம்தான் யோசித்தேன், அப்பா அதைக் கொஞ்சிப் பார்த்ததே இல்லை, ஆனால் காலையில் முதல் சங்குக்கு அதே அலுமினியத் தட்டில் சோறு வைப்பார், சாயந்திரச் சங்குக்கு அது கேட்டில் நிற்கும், கூட்டி வருவார், வெள்ளிக்கிழமை கம்பெனி லீவில் குளிப்பாட்டுவார், கம்பெனியில் அவர் தோல் பதனிடுகிற மர டிரம்முக்கு அடியிலிருந்து குட்டியாகத் தூக்கி வந்து நீ பேர் வைத்த நாளிலிருந்து எட்டு வருஷம் இது மாறவில்லை.

சரி, நானே செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். அந்தக் கேட்டைப் பார்க்கவே எனக்கு முடியவில்லை, ஆனாலும் தினம் போனேன். வெளியே வருகிற ஒவ்வொருத்தர் காலையும் மோந்து பார்க்கும், ஆள் எல்லாம் போன பிறகும் வராது, இழுத்துக்கொண்டு வருவேன். பாய், இன்னாம்மா, நீயும் ஷிப்டுல சேந்துட்டியா என்று கேலி செய்தார். போன செவ்வாய்க்கிழமை கடைசி ஆள் வெளியே வந்ததும் அது என்னை ஒரு தரம் பார்த்தது, நான் வா என்று சொல்வதற்குள் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தது. மூன்றாவது வரைக்கும் படித்தவள்தான் நான், ஆனாலும் நீ நர்ஸ் பாஸான அன்று அப்பா கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தாரே, அந்த மாதிரி எனக்கும் யாருக்காவது கொடுக்க வேண்டும் போல இருந்தது.

இப்போது ஊளை கிடையாது. உங்க நாய் கிளம்புறதப் பாத்துதான் நான் டீக்கு தண்ணி வெக்கிறேன் அக்கா என்று ஜஹீருன்னிசாவே சொல்கிறாள். காலையில் அதற்குத் தட்டு வைக்கிறபோது நானும் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறேன், அம்மா சாப்பிட்டாளோ என்று நீ அங்கே கவலைப்பட வேண்டாம்.

பாப்பாவுக்கு மழையில் தலை குளிப்பாட்டாதே. நீ நைட் டூட்டி முடித்து வந்து வெறும் வயிற்றில் படுக்காதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள். அப்பா திதிக்கு வரும்போது சாயந்திர வண்டியானால் என்னை ஸ்டேஷனில் தேடாதே, நேரே கம்பெனி கேட்டுக்கு வந்துவிடு, நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் நின்றிருப்போம்.

இப்படிக்கு உன் அம்மா
கோ. பூங்காவனம்