இரண்டாவது தடவை கூப்பிட

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் கம்பெனி வெளியிடப் போகும் வீடியோ கேமில் சண்டையே கிடையாது. ஒரு வீடு, சாப்பிடக் கூப்பிடும் ஓர் அம்மா, அவ்வளவுதான். "இதை யாரு வாங்குவா?" என்று முதலாளி இழுத்தார். பிறகு, "சின்ன பட்ஜெட்தானே, போனா போகட்டும், செஞ்சு பாருங்க" என்றார். குரல் கொடுக்க ஆள் வைக்க முடியவில்லை. நான் லீவில் வந்திருந்தபோது நீ போனில் பேசி அனுப்பிய "எங்க இருக்க? சாப்பிட வா" என்பதையே போட்டுவிட்டேன்.

பக்கத்து மேஜைக்காரர் நாள் முழுக்க அதை விளையாடிச் சரிபார்க்கிறார். முதல் தடவை உன் குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். இப்போது எழுவதில்லை. நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் பாட்டுக்கு வேலை பார்க்கிறேன்.

விளையாடுபவர் வராவிட்டால் அம்மா மறுபடி கூப்பிட வேண்டுமாம். ஃபேனை நிறுத்திவிட்டு, கொஞ்சம் கோபமாகப் பேசி அனுப்பு. அப்படியே என் பேரைச் சொல்லியும் ஒரு தடவை கூப்பிடு. அது கேமுக்கு இல்லை.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். இங்கே யாரும் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்கள்.

உன் மகள்